வீட்டுப் பூனைக்குத் தக்க கூளம்

தானியம் உள்ள இடத்தை எலி நாடுவதும், எலி உள்ள இடத்தைப் பூனை நாடுவதும் இயற்கை. கயத்தாறு, கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் ஆகிய கரிசற் பகுதிகளில் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் விதைக்கப்படும் மானாவாரிப் பயிர்கள் தை, மாசியில் களம் வந்து சேர்கின்றன. கம்பு, சோளம், மக்காச்சோளம், உளுந்து, பாசிப்பயறு ஆகியவற்றை விலை கூடும் வரையிலோ, அடுத்த விதைப்பு வரையிலோ வீட்டிலேயே வைத்திருப்பது குடியானவர் பலரின் வழக்கம். முன்னாளில் அவற்றை மண்ணாற் செய்த குலுக்கைகளில் கொட்டி வாய் பூசி வைத்தனர். இப்பொழுது சாக்கு மூட்டைகளாக அறைகளில் அடுக்குகின்றனர். குலுக்கையின் சுவரை எளிதில் துளைக்க இயலாத எலி, சாக்கை ஒரே இரவில் துளைத்துவிடும். ஆகவே தானிய அறையுள்ள வீட்டில் ஒரு பூனையேனும் இருப்பது நன்மையே. பெருச்சாளியை எதிர்க்கப் பூனையால் எப்போதும் இயலாது என்பது மெய். ஆயினும் சுண்டெலியையும் வீட்டெலியையும் அடக்கி வைப்பதற்கு அதைவிடச் செலவு குறைந்த காவல் வேறில்லை.

அந்தப் பூனையை வெளியே திரிய விடாமல் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் பழக்கம் அண்மைக் காலத்தில் பெருகி வருகின்றது. இதற்குத் தக்க காரணங்கள் உண்டு. வயல்களில் எலிக்கு வைக்கப்படும் துத்தநாகப் பாஸ்பைடு, புரோமடையலோன் முதலிய நஞ்சுகளைத் தின்று மயங்கிக் கிடக்கும் எலியைப் பூனை பிடித்துத் தின்றால், அந்நஞ்சு பூனையையும் தாக்கக் கூடும். மதுரையிலிருந்து கன்னியாகுமரி செல்லும் தேசிய நெடுஞ்சாலை கயத்தாற்றின் வழியாகச் செல்லுகின்றது. இராக் காலத்தில் அதைக் கடக்கும் பூனைகளில் திரும்பி வாராதவை பல. தெரு நாய்களின் தொல்லையையும், அவற்றால் வரக்கூடிய வெறிநோயையும் சொல்ல வேண்டுவதில்லை.

ஆனால் பூனையை உள்ளே அடைத்து வைத்தவர், அது மலஜலம் கழிப்பதற்கு ஓர் இடம் அமைத்துத் தரவும் கடமைப்பட்டவராகிறார். அமைத்துத் தராத வீட்டில் பூனை தானே இடம் தேடிக்கொள்ளும். அது தேடும் இடம் எப்பொழுதும் ஒரே தன்மையுடையது: பொடியாகவும், உலர்ந்ததாகவும், காலாற் பறித்து மூடத்தக்கதாகவும் இருக்கும் எதுவும் அதற்கு ஏற்றதே. அடுப்புச் சாம்பல், கட்டட வேலைக்குக் கொட்டிய மணல், அம்பாரமாகக் குவித்த தானியம், பருத்திக் குவியல், ஆட்டுக்கு வைத்திருக்கும் தவிட்டுத் தொட்டி ஆகிய யாவும் அதன் கண்ணுக்கு ஒன்றே. குவித்த உளுந்தில் பூனை மூத்திரம் பட்டுவிட்டால் அந்த வாடையை எவ்விதத் தூற்றலாலும் போக்க இயலாது. வியாபாரி முகர்ந்து பார்த்தவுடன் விலையைக் குறைப்பான்.

விலைக் குறைவாவது பணத்தோடு போயிற்று. உடல் நலத்துக்கு வரும் கேடு அதனினும் பெரிது.

பூனையின் மலத்தால் பரவும் நோய்களுள் தலையாயது டாக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரால் விளைவது. இவ்வுயிர் 1908ஆம் ஆண்டில் துனிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் ஒரு வகைக் கொறிபிராணியின் உடலில் முதன்முதலாகக் காணப்பட்டது. எனினும் அது எவ்வாறு பரவுகின்றது என்பது 60 ஆண்டு வரை விளங்கவில்லை. 1970ஆம் ஆண்டளவிலேதான், அதன் முட்டையொத்த உறைகள் பூனையினத்தின் மலத்தில் மட்டுமே வெளிப்படுகின்றன என்பது நிலைநாட்டப்பட்டது. இந்த ஆராய்ச்சியில் முன்னின்றவர்களுள் இந்தியாவிற் பிறந்த கால்நடை விஞ்ஞானி ஜே. பி. துபே ஒருவர். நோயுற்ற எலியையோ, பச்சை இறைச்சியையோ தின்ற பூனை முதன்முறை இந்நோய்க்கு ஆளாகும்போது, ஒன்று முதல் மூன்று வாரம் வரை கோடிக்கணக்கான உறைகளை மலத்தோடு வெளியிடுகின்றது. பின்னர் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. அந்தச் சில வாரங்களில் பூனை நோயுற்றதாக வெளிக்குத் தோன்றுவதும் அரிது.

இவ்வுறைகளைப் பற்றி இரண்டு செய்திகளை மனத்திற் கொள்ள வேண்டும். வெளிப்பட்டவுடன் இவை எவரையும் தொற்றா. தொற்றும் ஆற்றல் பெறுவதற்கு 1 முதல் 5 நாள் வரை செல்லும். ஆகவே நாள்தோறும் மலத்தை அகற்றும் வீட்டில் ஆபத்து மிகக் குறைவு. ஆனால் ஆற்றல் பெற்றுவிட்டாலோ, ஈர மண்ணில் ஓராண்டுக்கு மேலும் அழியாமற் கிடக்க வல்லவை. சாதாரணக் கிருமிநாசினிகளுக்கு இவை அசையா, கொதிநீருக்கே அழியும்.

கர்ப்பிணி ஒருத்தி முதன்முறையாக இந்நோய்க்கு உட்பட்டால், அது கருவிலுள்ள சிசுவின் கண்ணையும் மூளையையும் தாக்கலாம். கருச் சிதையவும் கூடும். செம்மறி, வெள்ளாடுகளும் இவ்வாறே கன்று வீசுகின்றன. மந்தையில் இளஞ்சினை ஆடுகள் அடுத்தடுத்துக் காய் வீசும்போது தீவனத்தைக் குறை கூறுவோர், அத்தீவனம் கிடந்த படப்பிலும் தொட்டியிலும் பூனை மலம் கழித்ததா என்று பார்ப்பதில்லை. கருச்சிதைவுக்குக் காரணங்கள் வேறு பல உண்டு. அவற்றுள் இதுவும் ஒன்றென அறிந்து கால்நடை மருத்துவரிடம் சோதித்துக்கொள்வது தக்கது.

இதைக் கேட்டு அஞ்சி, வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால் பூனையைச் சாக்கில் கட்டி ஊர் எல்லையில் விட்டு வருவோர் உளர். அது வேண்டாத செயல். பூனையைத் தொடுவதனால் இந்நோய் வருவது அரிது. சரிவர வேகாத இறைச்சியாலும், கழுவாத கீரையாலும், அசுத்தமான நீராலும் வருவதே மிகுதி. கர்ப்பிணி தட்டைச் சுத்தம் செய்யாதிருந்து, அவ்வேலையை வீட்டிலுள்ள வேறொருவர் நாள் தவறாமல் செய்தாற் போதும்.

பூனை மணலைத் தேடுவது ஏன்

வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் உலர்ந்த நிலங்களில் வாழும் ஒரு காட்டுப் பூனை. மனிதன் பயிரிட்டுத் தானியம் சேர்க்கத் தொடங்கிய காலத்தில், எலியைத் தொடர்ந்து அதுவும் ஊருக்குள் வந்தது. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில் மனிதனின் அருகே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். குறைந்த நீரைக் கொண்டு வாழும் பாலைப் பிராணியாதலால் அதன் சிறுநீர் மிகவும் செறிவுள்ளது. செறிந்த சிறுநீரிலுள்ள யூரியா நுண்ணுயிர்களால் அம்மோனியாவாக மாறும்போதுதான் மூக்கைத் துளைக்கும் வாடை எழுகின்றது. காயடிக்கப்படாத கடுவன் பூனையின் சிறுநீரில் இதனோடு வேறொரு கந்தகக் கூட்டுப் பொருளின் வாடையும் சேரும்.

ஆகவே நல்ல கூளம் என்பது நீரை விரைவில் உறிஞ்ச வேண்டும், அம்மோனியாவை வெளிவிடாமல் பிடித்து வைக்க வேண்டும், பூனையின் பாதத்துக்கு மென்மையாய் இருக்க வேண்டும், தூசியெழக் கூடாது, வாசனைத் திரவியம் எதுவும் கலந்திருத்தல் ஆகாது. மனிதனுக்கு இனிய வாசனை பூனைக்கு இனியதன்று. தட்டை விட்டுப் பூனை மூலையை நாடினால், குற்றம் பெரும்பாலும் பூனையினிடத்தன்று, தட்டிலுள்ள பொருளினிடத்தே என்று கொள்ளலாம். அரிதாகச் சிறுநீர்ப்பை நோயாலும் அவ்வாறு செய்யும்; கடுவன் பூனை அடிக்கடி முக்கியும் சிறுநீர் வாராதிருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

மேனாடுகளிலும் 1947ஆம் ஆண்டு வரை தட்டில் இட்டவை மணலும் சாம்பலும் மரத்தூளுமே. அவ்வாண்டு சனவரியில், அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் காசோபோலிஸ் என்னும் சிற்றூரில், அண்டை வீட்டு மாது ஒருவர் உறைபனியில் மணல் இறுகிப் போனதால் வேறு மணல் கேட்டு வந்தார். சாம்பலை இட்டுப் பார்த்ததில் பூனையின் கரிய பாதச் சுவடுகள் வீடு முழுவதும் பதிந்தனவாம். எட்வர்டு லோ என்னும் இளைஞர், தம் குடும்பத்தார் தொழிற்சாலைகளில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சுவதற்காக விற்றுவந்த களிமண் குறுணையைக் கொடுத்தனுப்பினார். அது மணலினும் நன்றாக உதவிற்று. அதைப் பைகளில் இட்டு விற்கத் தொடங்கியதிலிருந்து பூனைக் கூளம் ஒரு பெருந் தொழிலாயிற்று. 1984இல் தாமஸ் நெல்சன் என்னும் உயிர்வேதியியலார், பென்டோனைட்டு என்னும் களிமண் நனைந்த இடத்தில் மட்டும் உருண்டையாகத் திரள்வதைக் கண்டு, அதைப் பூனைத் தட்டுக்குப் பயன்படுத்தினார். நனைந்த கட்டியை மட்டும் எடுத்தெறிந்துவிட்டு எஞ்சியதை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பதே அதன் சிறப்பு. இன்று கடைகளில் கிடைப்பவற்றுள் பெரும்பகுதி இவ்வகையே. நம் நாட்டில் இம்மண் குஜராத்தின் கச்சுப் பகுதியிலும், இராஜஸ்தானத்தின் பார்மர் பகுதியிலும் வெட்டியெடுக்கப்படுகின்றது.

கரிசல் மண் உதவுமா

இங்கே கயத்தாற்றுக் குடியானவர் ஒரு கேள்வி கேட்பது இயல்பு. பென்டோனைட்டின் முக்கிய உறுப்பு மாண்ட்மோரிலோனைட்டு என்னும் களிமண் கனியம். நம் கரிசல் மண்ணின் களிப் பகுதியிலும் அதே இனமே மிகுந்துள்ளது. கோடையில் கால் நுழையுமளவு வெடிப்பதும், முதல் மழையில் ஊதி அவ்வெடிப்பை மூடிக்கொள்வதும் அதன் வேலையே. அங்ஙனமாயின் கச்சிலிருந்து வரும் மண்ணைப் பணம் கொடுத்து வாங்குவானேன்? கொல்லையிலுள்ள கரிசலை அள்ளித் தட்டில் இட்டால் என்ன?

இட்டுப் பார்த்தவர் இரண்டாம் நாளே கைவிடுவர். காரணங்கள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, பென்டோனைட்டு பெரும்பாலும் களியே. கரிசலிலோ களி பாதியளவுதான், எஞ்சியது வண்டலும் மணலும். இரண்டாவது, தட்டில் நன்கு திரளும் பென்டோனைட்டு சோடியம் ஏறிய களி. கரிசலில் களியைப் பற்றியிருப்பவை பெரும்பாலும் சுண்ணமும் மக்னீசியமும். இவ்விரண்டின் வேற்றுமையைக் களர் நிலம் வைத்திருப்போர் நன்கு அறிவர். சோடியம் ஏறிய களர் மண் நனைந்தவுடன் ஊதிக் குழம்பி, நீர் கீழிறங்கும் வழியையெல்லாம் அடைத்துக்கொள்ளும். அதில் ஜிப்சம் இட்டுச் சுண்ணத்தை ஏற்றினால் மண் பொலபொலவென்று பிரிந்து நீரை விடும். பயிருக்குத் தீமையான அந்தச் சோடியக் குணமே பூனைத் தட்டில் நன்மையாகின்றது: சிறுநீர் பட்ட இடத்தில் மண் உடனே ஊதி அடைத்துக்கொள்வதால் நீர் கீழே பரவாமல் ஓர் உருண்டைக்குள் அடங்குகின்றது. சுண்ணக் கரிசலில் அவ்வடைப்பு உண்டாகாமல் நீர் அடிவரை சென்று சேறாகின்றது. அந்தச் சேற்றை மிதித்த பூனை மூட்டையின் மேலும் படுக்கையின் மேலும் ஏறும்.

மூன்றாவது காரணம் சுக்கான். கரிசலில் சுக்கான் துகள்கள் கலந்திருப்பதால் மண் சற்றுக் காரத் தன்மை உடையது. காரம் மிகுந்த இடத்தில் அம்மோனியா தங்காது, ஆவியாய் எழும். எருக்குழியில் சாம்பலையும் சுண்ணாம்பையும் சாணத்தோடு கலக்காதீர் என்று சொல்லப்படுவதன் காரணம் இதுவே. குழியில் தழைச்சத்து வீணாகின்றது. தட்டில் அதே சத்து நாற்றமாக வீட்டை நிறைக்கின்றது. இவை தவிர, வெளியிலிருந்து அள்ளிவரும் மண்ணில் வேறு பூனை, நாய்களின் புழு முட்டைகள் இருக்கக் கூடும். ஆகையால் கரிசலை வயலுக்கே விடுவது நன்று.

பிற பொருள்கள்

சாம்பலைப் பற்றி மேலே சொன்னதே போதும். நாற்றத்தை மறைக்கும் என்று எண்ணி அதை இடுவோர் நாற்றத்தை வளர்க்கின்றனர். மேலும் அதன் காரம், பாதத்தை நக்கிச் சுத்தம் செய்யும் பூனையின் நாவைப் புண்ணாக்கும். நீற்றிய சுண்ணாம்பு இன்னும் கொடிது.

மணல் பூனைக்கு மிகவும் பிடித்தமானது. அதன் இயற்கைக்கு ஒத்தது. ஆனால் மணல் நீரை உறிஞ்சுவதில்லை, இடுக்குகளிற் பிடித்து வைக்கின்றது; அதுவும் தன் எடையில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாகவே. மிகுந்தது அடியில் தங்கி அழுகும். தூத்துக்குடி, திருச்செந்தூர்க் கரைகளிலிருந்து கொண்டுவரும் கடல் மணலில் உப்பு இருப்பதால், காற்றின் ஈரத்தை இழுத்து எப்போதும் கசகசவென்றிருக்கும். குதிரைமொழித் தேரியின் செம்மணல் மிகவும் நுண்ணியது; பாதத்தில் ஒட்டி வீட்டுத் தரையைச் செந்நிறமாக்கும். மணலையே இடுவதானால் ஓடையின் பருமணலை அலசி உலர்த்தி, இரண்டு நாளைக்கொருமுறை முழுதும் மாற்ற வேண்டும். இது சுமப்பவருக்கு வேலை. ஒரு பூனை உள்ள வீட்டுக்கும் மாதத்திற்குப் பல மூட்டை ஆகும்.

நெல் உமியில் சிலிகா மிகுதி. நீர் அதன் மேல் வழிந்தோடுமே அன்றி எளிதில் உட்புகாது. அன்றியும் கயத்தாற்றில் உமியை இடுவோர் காற்றை மறந்தவராவர். மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய்களின் வழியே ஆனி, ஆடியில் வீசும் மேல்காற்றின் வேகத்தைக் கருதியே காற்றாலைச் சோதனை நிலையம் இவ்வூரில் அமைக்கப்பட்டது. தாழ்வாரத்துத் தட்டில் இட்ட உமி மாலைக்குள் அடுத்த வீட்டு முற்றத்திற் கிடக்கும்.

கடலைத் தோடு கடினமாயும் முனை கூரியதாயும் இருப்பதால் பூனை அதில் கால் வைக்கத் தயங்கும். இடித்து இட்டால் ஓரளவு உதவும். ஆயின் ஈரம் பட்ட தோட்டில் பூஞ்சணம் விரைவில் ஏறும், அதனால் நச்சுப் பொருள் உண்டாகவும் கூடும். பஞ்சாலைக் கழிவும், பருத்தி அரைவையில் விழும் தூசியும் வேண்டா. தூசி நெஞ்சை அடைக்கும், பூச்சி மருந்தின் மிச்சமும் அதில் இருக்கலாம். மரத்தூள் நன்றாக உறிஞ்சும். அறுவை ஆலையில் மருந்தேற்றாத மரத்தினின்று எடுத்ததா என்று விசாரித்து, நுண்பொடியைச் சலித்து நீக்கி இட வேண்டும்.

இப்பகுதியில் மக்காச்சோளம் பெருகிய பின், மணி உதிர்த்த சக்கைகள் களத்து மேட்டில் குவிகின்றன. பெரும்பாலும் அவை எரிக்கப்படுகின்றன. சக்கையின் நடுப்பகுதி பஞ்சு போன்று நீரை உறிஞ்ச வல்லது. வெளிநாடுகளில் இதனை அரைத்துப் பூனைக் கூளமாக விற்கின்றனர். மாவு மில்லில் பாசிப்பயறு அளவுக்கு உடைத்து, பொடியைச் சுளவில் புடைத்து நீக்கிவிட்டால் தட்டுக்கு உகந்த பொருளாகும். மணி ஒட்டியிராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். இன்றேல் பூனைக்கு வைத்த தட்டில் எலி விருந்துண்ணும். உடைத்த சக்கையை நன்றாக உலர்த்தாமல் சாக்கில் கட்டினால் பூஞ்சணம் பற்றும்.

எல்லாவற்றையும் ஒப்பு நோக்குங்கால், இம்மாவட்டத்து வீடுகளுக்கு மிகவும் பொருந்துவது தென்னை நார்க்கழிவு. நார் பிரிக்கும் ஆலைகளில் ஒருகாலத்தில் மலைபோற் குவிந்து கிடந்து தொல்லை தந்த இத்தூள், இப்பொழுது கட்டிகளாக அழுத்தப்பட்டுத் தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியாகப் பல நாடுகளின் பூந்தோட்டங்களுக்குச் செல்லுகின்றது. தன் எடையைப் போல் 5 முதல் 8 மடங்கு நீரை அது தாங்கும். பூனை ஒன்று நாளொன்றுக்குக் கழிக்கும் சிறுநீர் ஏறத்தாழ 100 மில்லி; அதைப் பிடிக்கக் கைப்பிடி அளவு தூளே போதும். காரமின்றிச் சற்றுப் புளிப்புத் தன்மை உடையதாகையால் அம்மோனியாவை எளிதில் வெளிவிடாது. பாதத்துக்கு மென்மையானது, பறிக்கவும் மூடவும் தக்கது.

இதிலும் குறைகள் உண்டு. புதிய தூளில் உப்பும், கறைபடுத்தும் துவர்ப்புப் பொருளும் இருக்கும். வெள்ளைப் பூனையின் கால் பழுப்பாவதும், சிமெண்டுத் தரையில் கறை ஏறுவதும் இதனால்தான். ஆகையால் நீரில் ஊறவைத்து, பழுப்பு நீரை இரண்டு மூன்று முறை இறுத்து விட்டு, வெயிலில் உலர்த்தி, நீண்ட நார்களைச் சலித்து எடுத்துவிட வேண்டும். முற்றும் உலர்ந்த தூள் இலேசானது. காற்றுக் காலத்தில் மூன்று பங்கு தூளுக்கு ஒரு பங்கு அலசிய பருமணல் கலந்தால் பறவாது, பூனையும் மணலின் தன்மையை உணர்ந்து தயங்காமல் ஏற்கும். இது கட்டியாகத் திரளாது. ஆகவே மலத்தை மட்டும் நாள்தோறும் அகற்றி, நனைந்த பகுதியைக் கரண்டியால் வழித்தெடுத்து, வாரம் ஒருமுறை முழுதும் மாற்ற வேண்டும்.

வேலைக்கு ஆளில்லாத வீட்டாரும், மாடி வீட்டில் குடியிருப்போரும் கடைப் பென்டோனைட்டை வாங்குவதே எளிது. பூனை ஒன்றுக்கு மாதம் 5 முதல் 10 கிலோ வரை செல்லும். வாசனை கலவாததாகவும், கையில் அள்ளி விட்டால் புழுதி எழாததாகவும் பார்த்து வாங்க வேண்டும். பூனைகள் நுண்குறுணையையே விரும்புகின்றன. ஆயினும் நான்கு மாதம் ஆகாத குட்டிகளுக்கு இது ஆகாது. குட்டிகள் எதையும் வாயிலிட்டுப் பார்க்கும், விழுங்கிய மண் குடலில் ஊதி அடைத்துக்கொள்ளக் கூடும்.

தட்டும் துப்புரவும்

தட்டு, மூக்கு முதல் வால் தொடங்கும் இடம் வரை பூனையின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு நீளமும், நான்கு முதல் ஆறு அங்குல உயரமும் உள்ளதாக இருந்தால் நலம். பிளாஸ்டிக்குத் தொட்டி போதும். மண்சட்டி சிறுநீரைக் குடித்து நாற்றத்தை நிலைநிறுத்தும், தகரம் துருப்பிடிக்கும். கூளம் இரண்டு அல்லது மூன்று அங்குல ஆழம் இருத்தல் வேண்டும். தானிய அறைக்குள்ளேயோ, அடுக்களையிலோ தட்டை வைக்கலாகாது. சோறு வைக்கும் இடத்தருகிலும் பூனை மலம் கழிக்க விரும்பாது. ஆளரவமற்ற மூலை தக்கது. இரண்டு பூனைகள் இருந்தால் மூன்று தட்டு வைப்பது கலகத்தைத் தவிர்க்கும்.

தட்டைக் கழுவக் கொதிநீரும் சோப்பும் போதும். பின்னர் வெயிலில் காயவிட வேண்டும். பெனாயில் ஊற்றிக் கழுவுவது நம் வீடுகளில் வழக்கமாயினும் பூனைக்குத் தீங்கானது. பெனாலைச் சார்ந்த பொருள்களை மனிதனின் ஈரல் முறித்து வெளியேற்றுவதைப் போலப் பூனையின் ஈரலால் இயலாது. பாதத்தில் ஒட்டியதை நக்கினால் நஞ்சாகும். சிறுநீர் பட்ட தட்டில் பிளீச்சிங் பவுடர் தூவுவது மனிதருக்கே கேடு. அம்மோனியாவோடு சேர்ந்து மூச்சைத் தாக்கும் வாயு எழும்.

கழிவை எறியும் இடம்

இவ்விஷயத்தில் கிராம அலுவலர்களும் ஊராட்சி மன்றத்தாரும் கவனம் செலுத்த வேண்டியது மிகுதி. நார்த்தூளும் சோளச் சக்கையும் மக்குபவை என்பதனால் அவற்றைக் கீரைப் பாத்திக்கு எருவாக இடலாம் என எண்ணுவது பெருந்தவறு. சாதாரண எருக்குழியின் சூடு எல்லாப் பகுதியிலும் ஒரே அளவாய் இராது. டாக்சோபிளாஸ்மா உறைகளும், பூனையின் நாடாக்குடல் உருண்டைப் புழு முட்டைகளும் விளிம்புகளில் பிழைத்துக் கிடக்கும். பச்சையாக உண்ணும் கொத்தமல்லி, வெங்காயத் தாள் முதலியவற்றின் வழியே அவை வீட்டுக்கே திரும்பும். குழந்தைகள் விளையாடும் மணலிற் கொட்டினால் கொக்கிப் புழுவின் இளம்புழுக்கள் தோலைத் துளைத்துப் புண்ணாக்கும். பென்டோனைட்டைக் கழிப்பறையில் கொட்டினால் குழாயினுள் ஊதி அடைத்துவிடும். அதை எடுப்பதற்குக் குழாயை உடைக்க நேரும்.

யாவற்றினும் அஞ்சத்தக்கது குடிநீரிற் கலத்தல். கனடா நாட்டில் விக்டோரியா நகரத்தில் 1995இல் இந்நோய் பரவியபோது, நகருக்கு நீர் தந்த தேக்கம் பூனையின மலத்தால் அசுத்தமுற்றதே காரணம் என ஆராய்ந்தோர் முடிவு கூறினர். அவ்வளவு தொலைவு போக வேண்டுவதில்லை. 2004, 2005ஆம் ஆண்டுகளில் கோயம்புத்தூரில் ஏறத்தாழ 250 பேர் இந்நோயால் கண் பாதிக்கப்பட்டு மருத்துவமனைக்கு வந்தனர்; நோயாளிகள் வாழ்ந்த பகுதிகளை ஒப்பிட்டுப் பார்த்த மருத்துவர்கள், அங்கே வழங்கிய குடிநீரின் மேல் ஐயம் கொண்டனர். குளோரின் கலப்பதனால் இவ்வுறைகள் சாவதில்லை என்பதையும் இங்கே கருத வேண்டும். கரிசற் கிராமங்கள் பலவற்றில் இன்றும் ஊரணி நீர் பயன்பட்டு வருகின்றது. ஊரணிக்கு நீர் கொண்டுவரும் ஓடைக் காலில் குப்பையோடு பூனைக் கழிவையும் கொட்டுவோர், அது ஐப்பசி முதல் மழையிலேயே ஊரார் குடத்துக்கு வந்து சேரும் என்பதை எண்ணுவதில்லை. ஊரணியின் வரத்துக்காலிலும் கரையிலும் இக்கழிவு கொட்டப்படாதபடி ஊராட்சியார் தடுப்பது அவசியம்.

தக்க முறை யாதெனில், வரத்துக்காலுக்கும் கிணற்றுக்கும் தொலைவான மேட்டில், கருவேல மரத்தடி போன்ற பயிரிடாத இடத்தில் இரண்டடிக் குழி வெட்டி, அன்றன்று மலத்தை இட்டு மண் தள்ளி வருதல். குழி நிலமட்டத்திற்கு ஓரடி கீழே நிரம்பியவுடன் மூடிவிட்டு வேறு குழி தொடங்க வேண்டும். கரிசல் கோடையில் வெடிக்குமாதலால் மூடிய குழியின் மேல் ஒரு கூடை பருமணலோ சரளையோ பரப்புவது நலம். வெடிப்பின் வழியே நாய் முகர்ந்து பறிக்காது.

கூளத்தை மாற்ற விரும்புவோர் ஒரே நாளில் மாற்றலாகாது. பழைய மணலோடு முதல் நாள் கால் பங்கு, பின்னர் அரைப் பங்கு எனப் பத்து நாளில் மாற்றினால் பூனை உணராமலே பழகிவிடும். மழைக்காலத்தில் தூளை உலர்த்த இயலாதாகையால், புரட்டாசி வெயிலிலேயே இரண்டு மாதத்துக்குப் போதுமான நார்த்தூளை அலசிக் காயவைத்து, நனையாத பையில் கட்டிப் பரண் மேல் வைத்துக்கொள்ள வேண்டும். ஈரத் தூள் இட்ட தட்டில் பூனை கால் வையாது. அருகே உலர்ந்த உளுந்து கிடக்குமாயின் அங்கே போகும்.